சுற்றுக்குக் கால் வோல்ட்: மின்மாற்றி பற்றிச் சில கேள்விகள்

மின்மாற்றியின் இரண்டு சுருள்களும் ஒன்றையொன்று தொடவே இல்லையே, அப்புறம் மின்சாரம் எப்படித் தாண்டிப் போகிறது?

தாண்டுவதே இல்லை. மின்சாரம் கொடுக்கும் முதன்மைச் சுருளின் எலக்ட்ரான் ஒன்றுகூட, மின்சாரம் எடுக்கும் துணைச் சுருளுக்குப் போவதில்லை. முதன்மைச் சுருளில் மாறுதிசை மின்னோட்டம் ஓடுவதால் இரண்டும் சுற்றப்பட்டிருக்கும் இரும்பு உள்ளகத்தில் காந்தப்பாயம் (அதன் வழியே செல்லும் காந்தப்புலத்தின் மொத்த அளவு) கூடிக் குறைந்து திசை மாறிக்கொண்டே இருக்கிறது, அந்த மாற்றம்தான் துணைச் சுருளில் மின்னழுத்தத்தைத் தூண்டுகிறது. 1831-ல் மைக்கேல் ஃபாரடே ஓர் இரும்பு வளையத்தில் இரண்டு சுருள்களைச் சுற்றிச் சோதித்தபோது, ஒரு சுருளில் மின்கலத்தை இணைத்த கணத்திலும் பிரித்த கணத்திலும் மட்டுமே, மற்றச் சுருளின் கம்பிக்கு அருகே இருந்த காந்த ஊசி அசைந்தது. இடையில் மின்னோட்டம் சீராக ஓடிக்கொண்டிருந்த நேரமெல்லாம் ஊசி சும்மா நின்றது.

சுற்றுகள் கூடினால் மின்னழுத்தம் ஏன் கூட வேண்டும்? சூத்திரம் தெரியும், காரணம் புரியவில்லை.

ஒவ்வொரு சுற்றையும் ஒரு குட்டி மின்கலமாக நினைத்துக்கொள்ளுங்கள். எல்லாச் சுற்றுகளுக்குள்ளும் போவது ஒரே பாயம், ஆகவே எல்லாவற்றுக்கும் ஒரே அளவுதான் கிடைக்கும். 920 சுற்றுகள் உள்ள முதன்மைச் சுருளுக்கு 230 வோல்ட் கொடுத்தால் சுற்றுக்கு 0.25 வோல்ட். துணைச் சுருளில் 48 சுற்று போட்டால் 12 வோல்ட், 1,840 சுற்று போட்டால் 460 வோல்ட். அவ்வளவுதான், தொடரிணைப்பில் மின்கலங்களைக் கூட்டுகிற கணக்கு.

ஏற்று மின்மாற்றியில் மின்னழுத்தம் கூடும், மின்னோட்டம் குறையும் என்கிறார்கள். ஓம் விதிப்படி (மின்னோட்டம் = மின்னழுத்தம் ÷ மின்தடை) கூடத்தானே வேண்டும்?

இதில் குழம்பாதவர்கள் குறைவு. நானும் படிக்கிற காலத்தில் ஆசிரியர் சொன்னதை நம்பித் தலையாட்டிவிட்டு வந்தவன்தான். பிரச்சினை 'குறையும்' என்ற சொல்லில் இருக்கிறது. எதைவிடக் குறைவு? அதே மின்மாற்றியின் முதன்மைச் சுருளில் ஓடுவதைவிட.

மேலே சொன்ன 460 வோல்ட்டில் 460 ஓம் மின்தடை ஒன்றை இணையுங்கள், 1 ஆம்பியர் ஓடும், ஓம் விதி அப்படியே இருக்கிறது. திறன் 460 வாட். இது சும்மா வராது, இழப்புகளை விட்டுவிட்டால் முதன்மைப் பக்கம் 230 வோல்ட்டில் 2 ஆம்பியர் இழுத்தாக வேண்டும். 2-ஐவிட 1 குறைவு, அதைத்தான் பாடத்தில் சொல்கிறார்கள். அதே மின்தடையை மின்மாற்றி இல்லாமல் நேராக 230 வோல்ட்டில் இணைத்திருந்தால் அரை ஆம்பியர்தான் ஓடியிருக்கும், அதாவது அழுத்தம் இரு மடங்கானதும் மின்தடையில் ஓடுவதும் இரு மடங்காகியிருக்கிறது. ஓமுக்கு ஒரு குறையும் இல்லை!

துணைச் சுருளில் எதையுமே இணைக்காவிட்டால்? முதன்மைச் சுருள் வெறும் தாமிரக் கம்பிதானே, எரிந்துபோகாதா?

போகாது. மாறும் பாயம் துணைச் சுருளை மட்டும் பார்த்து வேலை செய்வதில்லை, முதன்மைச் சுருளிலும் மின்னழுத்தத்தைத் தூண்டுகிறது, அது நாம் கொடுக்கும் அழுத்தத்தை ஏறக்குறைய முழுக்க எதிர்த்து நிற்கிறது. அதனால் சொற்ப மின்னோட்டமே ஓடும். துணைப் பக்கம் சுமையை இணைத்ததும் அங்கே ஓடும் மின்னோட்டம் பாயத்தைக் குறைக்கப் பார்க்கும், எதிர்ப்பு கொஞ்சம் தளரும், முதன்மைச் சுருள் கூடுதலாக இழுத்துச் சரிக்கட்டும்.

நேர்திசை மின்சாரம் கொடுத்தால் இந்தக் காவல் கிடையாது. சுருளின் தடை 5 ஓம் என்றால் 230 வோல்ட்டில் 46 ஆம்பியர், அப்போது எரியத்தான் செய்யும். சோதித்துப் பார்க்க வேண்டாம், நம்புங்கள்.

உள்ளகம் ஏன் மெல்லிய தகடுகளாக?

இரும்பும் கடத்திதான், கட்டியாக வைத்தால் அதற்குள்ளேயே சுழல் மின்னோட்டம் ஓடிச் சூடாகும். காப்பிடப்பட்ட தகடுகள் அதன் வழியை மறிக்கின்றன.

மின்மாற்றி ஏன் 'உம்ம்' என்கிறது?

காந்தமாகும்போது இரும்பின் நீளம் துளி மாறும், கண்ணுக்குத் தெரியாத அளவில். ஒரு சுழற்சியில் இரண்டு முறை காந்தம் உச்சத்துக்குப் போகிறது, அதனால் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் என்றால் காதில் விழுவது 100 ஹெர்ட்ஸ்.