பிரித்தறிய ‘நான்’ வேண்டுமா?

வேண்டியதில்லை. திருகோணமலை பிரெட்றிக் கோட்டை மான்கள் பழப்பையோடு வருகிறவரை மட்டும் தேடிப் போகின்றனவே, உள்ளே ‘நான்’ என்ற தன்னுணர்வு இல்லாமல் அது எப்படி என்று கேட்டிருந்தீர்கள். மணமும் பையின் சரசரப்பும் போதும்.

நமக்கு ஒன்று தெரிந்த கையோடு, தெரிந்துகொண்டது நான் என்பதும் மனதில் ஏறிவிடுகிறது. குழப்பம் அங்கேதான் வந்திருக்கும்.

வீட்டில் ஒரு வயதுப் பிள்ளை இருந்தால் பாருங்கள். பிறந்த சில நாளிலேயே தாயின் குரலை மற்றப் பெண்களின் குரலிலிருந்து பிரித்தறிந்த பிள்ளைதான் அது. அதற்குத் தெரியாமல் மூக்கில் ஒரு பொட்டு வைத்துக் கண்ணாடி முன் விடுங்கள். உள்ளே தெரியும் பிள்ளையைப் பார்த்துச் சிரிக்கும், கண்ணாடியைத் தட்டும். தன் மூக்கைத் தொடாது. தொடுவது, அதாவது உள்ளே தெரிவது தான்தான் என்று அறிவது, பெரும்பாலும் ஒன்றரை வயதுக்குப் பிறகுதான்.

ஆனால் இந்தச் சோதனையை முடிந்த முடிவாக எடுக்க வேண்டாம். அமெரிக்க உளவியலாளர் கோர்டன் கேலப் 1970இல் சிம்பன்சிகளிடம் செய்து காட்டியது இது. மோப்பத்தை நம்பி வாழும் நாய்க்குப் பொருந்தாது. அப்புறம், வெளியே இருப்பவற்றை ஒன்றிலிருந்து ஒன்று பிரிப்பது போலல்ல, தன்னையும் பிறவற்றையும் பிரிப்பது வேறு சங்கதி. சுவர்க்கோழி கத்தும்போது தன் சத்தம் தன் காதை மழுக்காதபடி அதன் நரம்பே பார்த்துக்கொள்கிறது. அங்கே ‘இது என்னுடையது’ என்ற குறிப்பு ஏதோ ஒரு வடிவில் தேவை. அதை உணர்வு என்று சொல்லலாமா என்பதில்தான் வாதம் இன்னும் தீரவில்லை.