மாமியார் பெயரை மகளுக்கு வைக்க மறுத்துவிட்டேன்

கேள்வி:
மகளுக்கு எட்டு மாதம் ஆகிறது. பிறப்புச் சான்றிதழில் இன்னும் பெயர் சேர்க்கவில்லை. கணவருக்கு அம்பாசமுத்திரம் பக்கம். மூத்த பேத்திக்கு அப்பாவைப் பெற்ற ஆச்சியின் பெயர் வைப்பது அவர்கள் வழக்கம். மாமியார் பெயர் பேச்சியம்மாள். நான் யாழினி என்று நினைத்து வைத்திருந்தேன். “பட்டிக்காட்டுப் பெயர் மாதிரி இருக்கு அத்தை, ஸ்கூல்ல பேய்னு கேலி பண்ணுவாங்க” என்று சொல்லிவிட்டேன். “எம் பேரு அவ்வளவு கேவலமாவா போச்சு?” என்று கேட்டவர், அப்புறம் போன் செய்வதே இல்லை. கணவரோ “நீங்களே பேசி முடிச்சுக்கோங்க” என்கிறார். ஒரு வருடத்துக்குள் பெயரைப் பதிந்தாக வேண்டுமாமே? ராத்திரி தூக்கமே வருவதில்லை.
– பெயர் போட வேண்டாம், சென்னை

பதில்:
முதலில் அந்த ஒரு வருடக் கணக்கு. 12 மாதத்துக்குள் சேர்த்தால் கட்டணம் கிடையாது, அவ்வளவுதான். பிறகும் தாமதக் கட்டணம் கட்டி, குழந்தைக்கு 15 வயது ஆகும்வரை சேர்க்கலாம். தேதிக்குப் பயந்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

பேச்சி ஒரு தெய்வத்தின் பெயர். உங்கள் கணவர் ஊர்ப் பக்கம் பேச்சியம்மன் காவல் தெய்வம். பிள்ளை பெற்றவளையும் பச்சைக் குழந்தையையும் காப்பவள் என்று கும்பிடுகிறார்கள். பெரியாச்சி என்ற பெயரில் சிங்கப்பூர் மாரியம்மன் கோயில் வரை போய்விட்டாள். குமரியில் பேச்சிப்பாறை என்று ஓர் அணையே இருக்கிறது. உங்கள் பிரசவ நேரத்தில் மாமியார் அவளிடம்தான் வேண்டிக்கொண்டாரோ என்னவோ, கேட்டுப் பாருங்கள்.

அதற்காக, பிடிக்காத பெயரை வையுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். நாளெல்லாம் கூப்பிடப் போவது நீங்கள். பழைய வழக்கத்திலும் இந்தச் சங்கடம் இருந்தது. மாமியார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது. அவர் திண்ணையில் உட்கார்ந்திருக்கும்போது “ஏட்டி பேச்சி, சோத்தைத் தின்னுட்டுப் போ” என்று பிள்ளையை அதட்ட முடியுமா? அதனால் வீட்டில் பாப்பா, அம்மாளு என்று ஏதோ ஒரு பெயர் ஓடும். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போதுதான் அசல் பெயர் வெளியே வரும். கேலியைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், பிள்ளைகள் எந்தப் பெயரையும் விட்டுவைப்பதில்லை.

யாழினி என்று வைப்பதை உங்கள் மாமியார் நாளடைவில் ஏற்றுக்கொள்வார் என்றே நினைக்கிறேன். ‘பட்டிக்காட்டுப் பெயர்’ என்றதுதான் ஆறாமல் இருக்கிறது. காலமெல்லாம் அந்தப் பெயரோடு வாழ்ந்தவர், பெயரைச் சொன்னதைத் தன்னைச் சொன்னதாகத்தானே எடுத்துக்கொள்வார்? (உங்கள் அம்மா பெயரை யாராவது அப்படிச் சொல்லியிருந்தால் நீங்கள் சும்மா இருந்திருப்பீர்களா?)

போனில் வேண்டாம், ஊருக்கே போங்கள். அவருக்கு அந்தப் பெயரை யார் வைத்தது, ஏன் வைத்தார்கள் என்று கேளுங்கள். சொல்லி முடிக்கும்வரை யாழினியைப் பற்றிப் பேசாதீர்கள். பிறகு இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள்: “நான் அப்படிச் சொன்னது தப்பு அத்தை. ஆனா சர்டிபிகேட்டுல யாழினின்னு போடத்தான் ஆசை.” பெயர் சூட்டும் அன்று குழந்தையின் காதில் பேச்சி என்று அவரையே சொல்லச் சொல்லுங்கள். அதன்பிறகு அவர் பேத்தியைப் பேச்சி என்றே கூப்பிட்டால் திருத்தக் கூடாது. திருத்துவீர்கள் என்றால் இந்த யோசனையையே எடுக்காதீர்கள்.

உங்கள் கணவர் நடுவில் நிற்பதாக நினைத்துக்கொண்டு ஒதுங்கி நிற்கிறார். அவருடைய அம்மா, அவருடைய மகள். அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள், பேச்சை அவர் தொடங்கட்டும்.