8 வாட் டியூப் ஆம்ப்ளிஃபயருக்கு எந்த மாதிரி ஸ்பீக்கர் பொருந்தும்?

300பி வால்வு (டியூபின் இன்னொரு பெயர்) ஒன்று போட்ட சிங்கிள் எண்டட் ஆம்ப் (ஒலி அலை முழுவதையும் ஒரே வால்வு பெருக்கும் வகை) வைத்திருக்கிறீர்கள், சுமார் 8 வாட்தான் வரும், உயர்ரக ஸ்பீக்கர் எதை வாங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். விலைச்சீட்டை அப்புறம் பார்க்கலாம். முதலில் சென்சிடிவிட்டி எண்ணைப் பாருங்கள்.

ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தள்ளி எத்தனை டெசிபல் கேட்கிறது என்பதுதான் அந்த எண். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் வாட் இரட்டிப்பாக வேண்டும். 86 டெசிபல் ஸ்பீக்கர் 80 வாட்டில் எழுப்பும் சத்தத்தை 96 டெசிபல் ஸ்பீக்கர் உங்கள் 8 வாட்டிலேயே எழுப்பிவிடும். வால்வு காலத்தில் பிறந்த கிளிப்ஷ்ஹார்ன் போன்ற, சென்சிடிவிட்டி அதிகமுள்ள ஹார்ன் (ஊதுகுழல் வாய்போல் விரிந்த) ஸ்பீக்கர்கள் இன்றும் விலைபோவது சும்மா இல்லை.

அடுத்தது இம்பீடன்ஸ், அதாவது ஆம்ப் தரும் மின்னோட்டத்துக்கு ஸ்பீக்கர் காட்டும் எதிர்ப்பு; ஓமில் அளப்பார்கள். பலர் கோட்டை விடுவது இங்கேதான். பெட்டியில் 8 ஓம் என்று போட்டிருக்கும். ஆனால் அது பேஸ் பகுதியில் 3 ஓமுக்கு இறங்கி, கிராஸ்ஓவர் (ஒலியைப் பெரிய, சிறிய ஸ்பீக்கர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் இடம்) பக்கம் 20-க்கு ஏறலாம். டியூப் ஆம்பின் வெளியீட்டு இம்பீடன்ஸ் அதிகம் என்பதால், அந்த ஏற்ற இறக்கம் அப்படியே ஒலியில் வந்துவிடும். ஸ்பீக்கரின் இம்பீடன்ஸ் வரைபடத்தில் கோடு ஓரளவு சமமாக, 6 ஓமுக்குக் கீழே போகாமல் இருந்தால் நல்லது.

ஆம்பில் ஸ்பீக்கர் வயர் மாட்டும் 4, 8 ஓம் முனைகள் (டேப்) இரண்டிலும் மாற்றி மாற்றிக் கேளுங்கள். எது நன்றாக இருக்கிறதோ அதுவே சரி. ஆனால் மாற்றும்முன் ஆம்பை அணைத்துவிடுங்கள். ஸ்பீக்கர் இல்லாமல் ஓடினால் வால்வுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே உள்ள அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடலாம்.

சிறிய அறை, மெல்லிய குரலிசை மட்டும் என்றால் 90 டெசிபலே போதும்.