வேரும் ஒட்டுக்கிளையும் (வாசகர் கடிதமும் பதிலும்)

அன்புள்ள அம்மா அவர்களுக்கு,

ஸ்தோத்திரம். நான் குடியாத்தத்தைச் சேர்ந்தவன். அப்பாவின் தாத்தா காலத்திலேயே எங்கள் குடும்பம் கிறிஸ்தவத்துக்கு வந்துவிட்டது. நாங்கள் நான்காம் தலைமுறைக் கிறிஸ்தவர்கள் என்பதில் வீட்டில் எல்லோருக்கும் பெருமை உண்டு. நான் மணக்க விரும்பும் பெண்ணின் குடும்பத்தார் ஞானஸ்நானம் பெற்று எட்டு ஆண்டுகள்தான் ஆகின்றன. "புதுசா வந்தவங்க, நம்ம பாரம்பரியம் அவங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று அப்பா தயங்குகிறார். ஆனால் பெங்களூரில் என்னுடன் வேலை பார்ப்பவர்கள், "நீங்க எப்ப மாறினீங்க?" என்று என்னையே கேட்கிறார்கள். வீட்டில் நான் பழையவன், வெளியில் புதியவன். கிறிஸ்தவனுக்குப் பாரம்பரியம் என்று ஒன்று உண்டா? உண்டென்றால் அது எது?

ச., குடியாத்தம்

அன்புள்ள தம்பிக்கு,

பாரம்பரியம் உண்டு. விசுவாசம் இருந்தால் போதும், முன்னோர் எதற்கு என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு 1715-இல் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டிராவிட்டால், தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் நம் ராகங்களில் கீர்த்தனை கட்டியிராவிட்டால், 1853-இல் அமெரிக்க மிஷனரிகளான ஸ்கடர் சகோதரர்கள் தொடங்கிய ஆர்க்காடு மிஷன் நம் கிராமங்களில் பள்ளிக்கூடம் வைத்திராவிட்டால், உங்களுக்கும் எனக்கும் ஜெபிக்கும் மொழியே வேறாக இருந்திருக்கும். அப்போஸ்தலனாகிய பவுலும் தம் இளம் ஊழியன் தீமோத்தேயுவுக்கு எழுதும்போது, அவனுடைய விசுவாசம் முதலில் பாட்டி லோவிசாளிடத்திலும் தாய் ஐனிக்கேயாளிடத்திலும் இருந்தது என்று இரண்டு பெண்களின் பெயரைச் சொல்லித்தான் தொடங்குகிறார்.

ஆனால் அப்பா சொல்லும் பாரம்பரியம் இதுவன்று என்று நினைக்கிறேன். நான் சொல்வது வாங்கிக்கொண்டதைப் பற்றிய நன்றி; அவர் சொல்வது முன்னால் வந்ததைப் பற்றிய உரிமை. ரோமருக்கு எழுதிய நிருபத்தின் பதினோராம் அதிகாரத்தை அவரோடு உட்கார்ந்து ஒருமுறை வாசித்துப் பாருங்கள். நம் பக்கத்து மாந்தோப்புகளில் ஒட்டுக் கட்டுகிறவர் என்ன செய்கிறார்? கொட்டையிலிருந்து முளைத்த நாட்டுக் கன்றை வேராக வைத்து, நல்ல பழம் தரும் மரத்தின் குச்சியை அதன் மேல் கட்டுகிறார். பவுலோ இதைத் தலைகீழாகச் சொல்கிறார். நல்ல ஒலிவமரத்தின் வேரில் காட்டொலிவக் கிளை ஒட்டவைக்கப்பட்டது என்கிறார். இது சுபாவத்துக்கு விரோதமானது என்பதையும் அவரே ஒத்துக்கொள்கிறார். நல்ல வேர் என்பது ஆபிரகாமின் வழியில் வந்த இஸ்ரவேல். காட்டுக்கிளை என்பது யூதரல்லாத புறஜாதியார், அதாவது நாம். அந்தக் கிளையைப் பார்த்து, நீ வேரைச் சுமக்கவில்லை, வேர்தான் உன்னைச் சுமக்கிறது, ஆகையால் பெருமை பாராட்டாதே என்று எச்சரிக்கிறார்.

இந்தக் கணக்கில் உங்கள் கொள்ளுத்தாத்தாவும் காட்டுக்கிளை, அந்தப் பெண்ணின் தகப்பனாரும் காட்டுக்கிளை. ஒன்று நூறு ஆண்டுகளுக்கு முன் கட்டியது, மற்றொன்று எட்டு ஆண்டுகளுக்கு முன் கட்டியது என்பதைத் தவிர இரண்டுக்கும் வேறுபாடில்லை. இரண்டிலும் ஓடுவது ஒரே வேரின் சாறு. தாமதமாக ஒட்டிய கிளையை முந்தி ஒட்டிய கிளை "புதுசு" என்று ஒதுக்க வேதத்தில் எனக்கு எந்த இடமும் தெரியவில்லை.

என் பாட்டியின் வேதப்புத்தகம் என்னிடம் இருக்கிறது. பழைய ஏற்பாட்டுக்கும் புதிய ஏற்பாட்டுக்கும் நடுவே உள்ள வெற்றுத்தாளில் குடும்பத்தின் பிறப்பும் ஞானஸ்நானமும் திருமணமும் எழுதப்பட்டிருக்கின்றன. தாளின் ஓரம் பொடிந்துவிட்டது. மை சில இடங்களில் துருவின் நிறமாகிவிட்டது. முதல் வரியில் பாட்டியின் தகப்பனார் பெயர் இருக்கிறது. அதற்குப் பக்கத்திலேயே, அடிக்கப்படாமல், ஞானஸ்நானத்துக்கு முன் அவருக்கு இருந்த பெயரும் இருக்கிறது. அந்த வரிக்குக் கீழே பொடி எழுத்தில், "அன்று முதல் மாமன் வீட்டார் வரவில்லை" என்று யாரோ எழுதி வைத்திருக்கிறார்கள். எங்கள் குடும்பப் பெருமை எல்லாம் அந்த வரியிலிருந்துதான் தொடங்குகிறது. அன்று அவர்தான் புதிதாக வந்தவர். அவரையும் பழைய சபைக்காரர் யாரேனும் ஏற இறங்கப் பார்த்திருக்கக்கூடும். நான் எதையும் இழக்காமல் பெற்றுக்கொண்ட விசுவாசத்துக்கு அவர் தம் இழப்பால் விலை கொடுத்தார். நீங்கள் மணக்க விரும்பும் பெண்ணின் பெற்றோர் இந்த எட்டு ஆண்டுகளில் எதை இழந்தார்கள் என்று உங்கள் வீட்டில் யாராவது கேட்டீர்களா?

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நம் பக்கத்தில் "புதுசா வந்தவங்க" என்ற சொல்லுக்குப் பின்னால் பல நேரங்களில் சாதி ஒளிந்திருக்கிறது. உங்கள் வீட்டில் அப்படி என்று நான் சொல்லவில்லை. எனக்கு அது தெரியாது. அப்படி இருந்தால் அது ஜெபித்து மனந்திரும்ப வேண்டிய காரியம். அதைப் பாரம்பரியம் என்ற நல்ல பெயரால் அழைக்கக் கூடாது.

அலுவலகத்தில் கேட்கப்படும் கேள்விக்கு நீங்கள் வருந்த வேண்டியதில்லை. அந்தக் கேள்விக்கு அடியில், கிறிஸ்தவனானால் தமிழன் கொஞ்சம் குறைந்துவிடுகிறான் என்ற எண்ணம் இருக்கிறது. விடுமுறையில் ஒருமுறை திருப்பத்தூருக்குப் போய்வாருங்கள். அங்கே 1921-இல் சவரிராயன் ஜேசுதாசனும் பிரிட்டனைச் சேர்ந்த எர்னஸ்ட் ஃபாரெஸ்டர் பேட்டனும் கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கினார்கள். இருவரும் மருத்துவர்கள், பெரியண்ணன், சின்னண்ணன் என்று அழைக்கப்பட்டு, கதர் உடுத்தி, ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்தார்கள். அவர்கள் கட்டிய ஜெபாலயம் திராவிடக் கோயிற்கலையின் வடிவில் நிற்கிறது. தமிழன் ஒருவனும் வெள்ளைக்காரர் ஒருவரும் சேர்ந்து ஆண்டவரை வணங்க இடம் தேடியபோது, ஐரோப்பாவின் கூர்மாடத்தைத் தேடிப் போகவில்லை. இந்த மண்ணின் கல்வேலையைக் கொண்டுவந்து அவர் முன் வைத்தார்கள். அவர்களில் தமிழ் குறைந்துவிட்டதாக அந்தக் கட்டடத்தைப் பார்த்தபின் எவரும் சொல்ல மாட்டார்கள்.

அப்பாவோடு வாதிடாதீர்கள், அவரை நேசியுங்கள். உங்கள் சபையின் பழைய ஞானஸ்நானப் பதிவேட்டை எடுத்துக் காட்டும்படி ஆயரிடம் கேட்டு, அப்பாவையும் கூட அழைத்துப் போங்கள். உங்கள் கொள்ளுத்தாத்தாவின் பெயர் எழுதப்பட்டிருக்கும் பக்கத்தை அவர் தம் கையாலேயே புரட்டட்டும். பிறகு ஆராதனையில் உங்கள் கல்யாண அறிவிப்பான ஓலையை வாசிக்கும் முதல் ஞாயிறு எது என்று எனக்கு எழுதுங்கள். ராணிப்பேட்டையிலிருந்து குடியாத்தம் தொலைவில்லை. காலை ஆராதனைக்கே வந்துவிடுகிறேன்.