லிங்க் சேமிக்கும் பாக்கெட் சேவையை மூடியாகிவிட்டது, 1,400 லிங்குகளை எங்கே கொண்டுபோய் வைப்பது?

அரசுப் பள்ளித் தமிழாசிரியை ஒருவர் கேட்டிருக்கிறார்: "பல வருடமாகப் பாக்கெட்டில் லிங்க் சேர்த்து வந்தேன். மூடப்போகிறார்கள் என்றதும் எல்லாவற்றையும் ஃபைலாக இறக்கி வைத்தேன், அதன் பிறகு திறந்துகூடப் பார்க்கவில்லை. 1,400 இருக்கும். இதுபோக லேப்டாப் குரோமில் கொஞ்சம், வாட்ஸ்அப்பில் எனக்கு நானே அனுப்பிக்கொண்டது கொஞ்சம். எங்கள் பள்ளியில் இன்னும் மூன்று தமிழாசிரியர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கும் பயன்படுகிற மாதிரி வைக்க வேண்டும். எதில் சேரட்டும்?"

எதில் என்பதற்கு உடனே பதில் சொல்லிவிடுகிறேன்: ரெயின்டிராப் என்ற லிங்க் சேமிக்கும் சேவை. இலவசக் கணக்கிலேயே எத்தனை லிங்க் வேண்டுமானாலும் சேமிக்கலாம், போனிலும் லேப்டாப்பிலும் ஒரே பட்டியல் வரும். பாக்கெட்டிலிருந்து இறக்கிய ஜிப்பைப் பிரித்தால் உள்ளே சிஎஸ்வி என்ற பட்டியல் ஃபைல் இருக்கும், அதை செட்டிங்ஸில் இம்போர்ட் பகுதியில் கொடுங்கள், போதும். அந்த ஃபைலில் இருப்பது தலைப்பும் முகவரியும், தேடுவதற்காக நீங்கள் போட்ட குறிச்சொற்களும் (டேக்) போன்றவைதான். கட்டுரைகள் அதில் கிடையாது, அதனால் மூலப் பக்கம் போயிருந்தால் லிங்க் மட்டும் கையில் நிற்கும்.

ஆனால் ரெயின்டிராப்பையும் நிரந்தரம் என்று நினைத்துவிடாதீர்கள். இந்த வகைச் சேவைக்கெல்லாம் முன்னோடி டெலிஷியஸ். ஜோஷுவா ஷாக்டர் 2003இல் தொடங்கியது. குறிச்சொல் போட்டு லிங்க் சேமிப்பதும், அதே லிங்கை வேறு யார் சேமித்திருக்கிறார்கள் என்று பார்த்து அவர்களுடைய பட்டியலுக்குள் நுழைவதும் அங்கேதான் பரவலானது. 2005 டிசம்பரில் யாஹூ வாங்கியது, 2011இல் விற்றது, அப்புறம் இன்னும் சில கை மாறி, 2017இல் பின்போர்டு என்ற இதே வகைச் சேவையை நடத்துபவர் வாங்கிப் புதிதாக எதுவும் சேமிக்க முடியாதபடி நிறுத்திவைத்தார். கூகுள் புக்மார்க்ஸ் 2021 செப்டம்பரில் போனது. உங்கள் பாக்கெட் 2025 ஜூலை 8இல் போனது, அதுவும் ஃபயர்பாக்ஸை உருவாக்கும் மொசில்லாவின் கையில் இருந்தபோதே. பெரிய பெயர் இருக்கிறதே என்று நம்பி உட்கார முடியாது என்பதற்காகத்தான் இத்தனையும் சொல்கிறேன்.

அதனால் மாதம் ஒரு முறை எக்ஸ்போர்ட், அதாவது எல்லா லிங்கையும் ஒரு ஃபைலாக இறக்கிவைப்பது. இதை மட்டும் விடாதீர்கள். லேப்டாப் குரோமில் கண்ட்ரோல், ஷிஃப்ட், ஓ மூன்றையும் சேர்த்து அழுத்தினால் புக்மார்க் மேனேஜர் திறக்கும், மேலே மூன்று புள்ளியைத் தொட்டால் எக்ஸ்போர்ட் இருக்கும். ரெயின்டிராப்பிலும் அதே மாதிரி எச்டிஎம்எல் ஃபைலாக எடுக்கலாம். அந்த ஃபைலை ஒரு தடவை நோட்பேடில் திறந்து பாருங்கள், முதல் வரியிலேயே நெட்ஸ்கேப் என்ற பெயர் இருக்கும். 2008இலேயே கைவிடப்பட்ட பிரவுசர் அது, ஆனால் அது வகுத்த புக்மார்க் ஃபைல் வடிவத்தை இன்றைக்கும் குரோம், ஃபயர்பாக்ஸ், எட்ஜ் எல்லாமே படிக்கின்றன, எழுதுகின்றன. நாளைக்கு எந்தச் சேவைக்கு மாறினாலும் இந்த ஒரு ஃபைலோடு போய் நிற்கலாம்.

சரி, இப்போது குறிச்சொல். பலருடைய புக்மார்க் வீணாவது இங்கேதான். தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கும் மதுரைத் திட்டத்தில் திருக்குறள் மூலம் இருக்கும் பக்கத்தின் முகவரி பிஎம்யுனி0001 என்று முடியும். அதை அப்படியே சேமித்துவிட்டு ஆறு மாதம் கழித்துத் தேடினால் எப்படிக் கிடைக்கும்? சேமிக்கும்போதே குறிப்புப் பகுதியில் "குறள் மூலம் முழுதும், உரை இல்லை, வினாத்தாளுக்கு நகலெடுக்க வசதி" என்று எழுதுங்கள். குறிச்சொல்லாகத் திருக்குறள், மூலம், பத்தாம்வகுப்பு என்று மூன்று போடுங்கள். பத்து விநாடி வேலைதான், நாளைக்கு நீங்கள் எந்த வார்த்தையில் தேடுவீர்களோ அந்த வார்த்தை அங்கே இருக்கும்.

நான்கு பேர் சேர்ந்து சேமிக்கும்போது ஒருவர் இலக்கணம் என்றும் இன்னொருவர் ஆங்கில எழுத்தில் கிராமர் என்றும் மூன்றாமவர் தமிழ்இலக்கணம் என்றும் போட்டால் ஒன்று மூன்றாகச் சிதறிவிடும். முதல் நாளே உட்கார்ந்து ஒரு இருபது சொற்களை முடிவு செய்துகொள்ளுங்கள், எல்லாமே தமிழில், சேர்த்து எழுதுவதா பிரித்து எழுதுவதா என்பது வரைக்கும்.

பகிர்வதற்கு: ரெயின்டிராப்பில் பாடவாரியாகத் தொகுப்பு, அதாவது கலெக்‌ஷன் தொடங்கி மற்ற மூவரையும் அதில் சேர்த்துக்கொண்டால் அவர்களும் லிங்க் போடலாம். மாணவர்களும் பார்க்கலாம் என்கிற கலெக்‌ஷனை மட்டும் பப்ளிக் ஆக்குங்கள், அதற்கென்று ஒரு முகவரி கிடைக்கும், அதை வகுப்புக் குழுவில் போட்டால் போதும். 1,400ஐயும் தூக்கிப் போடாதீர்கள், ஒரு பாடத்துக்குப் பதினைந்து, ஒவ்வொன்றின் கீழும் இது எதற்கு என்று ஒரு வரி. அந்த ஒரு வரிக்காகத்தான் மற்றவர்கள் உங்கள் பட்டியலைத் தேடி வருவார்கள், வெறும் முகவரியென்றால் கூகுளே கொடுத்துவிடுமே.

பப்ளிக் ஆக்கும் முன் ஒரு முறை மேலிருந்து கீழ்வரை ஓட்டிப் பாருங்கள். 'லிங்க் உள்ள யாரும் திறக்கலாம்' என்று வைத்த கூகுள் டிரைவ் ஃபைல் ஏதாவது அதில் கிடந்தால், மாணவர்களின் மதிப்பெண் பட்டியலாகவே இருந்தாலும், பார்ப்பவர் எல்லோரும் திறந்துவிடலாம். ஃபேஸ்புக்கிலிருந்தோ வாட்ஸ்அப் குழுவிலிருந்தோ எடுத்த முகவரியில் கேள்விக்குறிக்குப் பின்னால் நீளமாக ஒரு வால் தொங்கினால், அது பெரும்பாலும் நீங்கள் எங்கிருந்து வந்தீர்கள் என்று கண்காணிப்பதற்கானது, வெட்டிவிடலாம். வெட்டிய பிறகு பக்கம் திறக்கிறதா என்று மட்டும் பாருங்கள், ஏனென்றால் யூடியூப் மாதிரித் தளங்களில் வீடியோவின் அடையாளமே கேள்விக்குறிக்குப் பின்னால்தான் இருக்கும்.

பக்கம் மறைந்து போவது நாம் நினைப்பதைவிட அதிகம். பியூ ஆய்வு மையம் 2024இல் வெளியிட்ட கணக்குப்படி, 2013இல் இருந்த இணையப் பக்கங்களில் 38 சதவீதம் பத்து வருடத்தில் திறக்க முடியாமல் போய்விட்டன. பழைய லிங்க் ஏதாவது செத்திருந்தால் பழைய இணையப் பக்கங்களின் நகலைச் சேமித்துவைக்கும் வேபேக் மெஷின் தளத்தில் முகவரியை ஒட்டிப் பாருங்கள், பல சமயம் நகல் கிடைக்கும். பாடத்துக்கு இன்றியமையாத பக்கம் என்றால் இன்றைக்கே அங்கே 'சேவ் பேஜ் நவ்' கட்டத்தில் முகவரியைக் கொடுத்து ஒரு நகல் எடுத்து, அந்த நகலின் முகவரியையும் குறிப்பில் போட்டுவிடுங்கள். ரெயின்டிராப்பே நகல் எடுத்து வைக்கும், ஆனால் அது கட்டணக் கணக்குக்கு மட்டும்.

வாட்ஸ்அப்பில் கிடப்பதற்கு, உங்களுக்கு நீங்களே அனுப்பும் சாட்டில் மேலே பெயரைத் தொட்டு மீடியா, லிங்க்ஸ், டாக்ஸ் என்ற இடத்துக்குப் போனால் லிங்குகள் மட்டும் தனியாக வரிசையாக நிற்கும். தினமும் பத்து எடுத்துத் திறந்து பார்த்து, வேண்டியதை ரெயின்டிராப்புக்கு ஷேர் செய்யுங்கள், வேண்டாததை விட்டுவிடுங்கள். பாக்கெட் ஃபைலில் உள்ள 1,400க்கும் உட்கார்ந்து குறிச்சொல் போட வேண்டியதில்லை, மொத்தத்தையும் 'பழையது' என்று ஒரே கலெக்‌ஷனில் வைத்துவிட்டு, தேடி எடுக்க நேர்கிற லிங்குக்கு மட்டும் அப்போது போட்டுக்கொள்ளலாம்.