பேஜ் யார் பெயரில் இருக்கிறது?

கேள்வி: ஹட்டனுக்குப் பக்கத்துத் தோட்டத்தில், லயத்து வீட்டில் கேக் செய்து விற்கிறேன். டவுனில் ஒரு தம்பி பேஸ்புக் பேஜ் திறந்து தந்தார். பூஸ்ட் பண்ண, அதாவது காசு கட்டி விளம்பரமாகக் காட்ட, மாதம் 5,000 ரூபாய் வாங்குகிறார், ஓர்டர் கூடவில்லை. மெசெஞ்சர், வட்ஸ்அப், போன் என்று மூன்று பக்கமும் ஓர்டர் வருவதால் போன மாதம் ஒரு பிறந்தநாள் கேக்கை மறந்தே போனேன். ஏதாவது சொப்ட்வெயார் வாங்க வேண்டுமா?

பதில்: ஒன்றும் வாங்க வேண்டாம் சகோதரி. ஓர்டர் விஷயத்துக்குப் பிறகு வருகிறேன். எனக்குப் பயம் அந்தப் பேஜைப் பற்றித்தான். அவர் தன்னுடைய கணக்கில் இருந்து திறந்திருந்தால் இன்றைக்கு அது அவருடைய பேஜ். நாளைக்கு ஒரு மனஸ்தாபம் வந்தால் உங்கள் கேக் படங்கள், கேட்டு எழுதியவர்கள் எல்லாம் அவர் கையில். இப்படிப் பறிகொடுத்துவிட்டு அழுதவர்கள் பலரைப் பார்த்துவிட்டேன்.

அவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, பேஜ் செட்டிங்ஸில் 'பேஜ் எக்சஸ்' என்ற இடத்தில் உங்கள் சொந்தக் கணக்கைச் சேர்க்கச் சொல்லுங்கள். 'ஃபுல் கொன்ட்ரோல்' தர வேண்டும், அதற்குக் குறைந்து எதையும் ஏற்காதீர்கள். இதற்கு உங்கள் பாஸ்வேர்டோ, போனுக்கு வரும் இரகசிய எண்ணோ அவருக்குத் தேவையே இல்லை. கேட்டால் கொடுக்காதீர்கள்.

அப்புறம் அந்த 5,000 ரூபாயில் பேஸ்புக்குக்கு எவ்வளவு போனது என்று ரசீது கேளுங்கள். ஒவ்வொரு விளம்பரத்தின் செலவும் பேஸ்புக்கிலேயே பதிவாகி இருக்கும், காட்ட ஒரு நிமிஷம் போதும். தயங்கினால் இனி ஒரு சதமும் கொடுக்காதீர்கள். லைக் விற்பவர்கள் பக்கமும் போக வேண்டாம். எங்கோ இருக்கிற பத்தாயிரம் பேர் உங்களிடம் ஒரு கிலோ பட்டர் கேக் வாங்கப் போவதில்லை. உங்கள் வங்கிக் கார்டில் நீங்களே பூஸ்ட் பண்ணலாம். ஊர் கேட்கும் இடத்தில் ஹட்டன், டிக்கோயா, கொட்டகலை என்று போடுங்கள். கொழும்பையும் விடாதீர்கள்: அங்கே வேலை செய்யும் பிள்ளைகள்தான் ஊரில் இருக்கிற அம்மாவின் பிறந்தநாளுக்கு ஓர்டர் தருவார்கள்.

சரி, ஓர்டர். வட்ஸ்அப் பிஸ்னஸ் இலவசம். படமும் விலையும் அதன் கெட்டலொக்கில் போட்டுவிட்டு, மெசெஞ்சரில் கேட்பவரையும் அங்கே வரச் சொல்லுங்கள். எந்த வழியில் வந்தாலும் உடனே கூகுள் ஷீட்டில் ஒரு வரி: "14ஆம் திகதி, 1 கிலோ சொக்லட், மேலே எழுத 'கவி 5', முற்பணம் 1,000." காலையில் அடுப்பு மூட்டுமுன் அதைத் திறந்து பாருங்கள்.

அடுத்து அந்தத் தம்பி கூகுள் மெப்பில் பெயர் போட்டுத் தருவதாக வருவார். அதுவும் இலவசம். பெயர் போட்டால், இடம் உண்மையா என்று கடிதத்தாலோ வீடியோவாலோ உறுதிப்படுத்த கூகுள் கேட்கலாம். கடை உள்ளவருக்கு முகவரி இருக்கிறது. லயத்தில் இருப்பவருக்குப் பெரும்பாலும் வீட்டு இலக்கம் கிடையாது, கடிதம் தோட்ட ஒபிஸுக்கு வந்து யார் யார் கையிலோ சுற்றும். மலையக மக்கள் வந்து 200 வருடம் என்று 2023இல் நினைவுகூர்ந்தோம். வீட்டுக்கு நேரே ஒரு தபால் வர இன்னும் எத்தனை வருடம் வேண்டுமாம்? அதனால் கடிதத்தை நம்பி இருக்காதீர்கள். முகவரியை மறைத்து, டெலிவரி செய்யும் ஊர்களை மட்டும் போட கூகுள் விடுகிறது. உறுதிப்படுத்த வீடியோ கேட்டால் தோட்டத்துப் பெயர்ப் பலகையில் தொடங்கி, வீட்டு வாசல், ஓவன், உங்கள் பெயர் ஒட்டிய கேக் பெட்டி என்று வெட்டாமல் ஒரே வீடியோவாக எடுங்கள். வெரிஃபை பண்ணித் தர யாராவது காசு கேட்டால் கொடுக்காமல் அவரை வாசலோடு திருப்பி அனுப்பிவிடுங்கள், கூகுள் அதற்குக் காசு வாங்குவதில்லை.