கேளுங்க, சொல்றேன்: கப்பலேறின கோமாளியும் கோவிச்சுக்கிட்ட வாசகர்களும்

போன இதழ்ல இந்தப் பகுதியோட ஓரத்துல நாலே வரி எழுதினேன். 1994-ல வந்த 'கேபின் பாய்'ங்கிற அமெரிக்கப் படம், முட்டாத்தனமான கடல் காமெடி, மூடு இருந்தா பாருங்கன்னு, அவ்ளோதான். அதுக்கு வந்து குவிஞ்ச வாட்ஸ்அப்பும் கடுதாசியும் இருக்கே, பாதிப் பேரு வயிறு வலிக்க சிரிச்சோம்ங்கிறாங்க, பாதிப் பேரு எங்க ஒண்ணேகால் மணி நேரத்தைத் திருப்பிக் குடுய்யாங்கிறாங்க, 'பரவாயில்ல, ஓகே லா'ன்னு சொன்ன ஒரு ஆள் கூட இல்ல. அதனால மத்த கேள்விய எல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளியாச்சு.

செந்தூல் வாசகர்: அண்ணே, உங்கள நம்பி கூட்டாளிங்க எல்லாம் வீட்ல உக்காந்து பார்த்தோம். அந்த ஹீரோ மூஞ்சியப் பார்த்தாலே கன்னத்துல ஒண்ணு விடணும் போல இருக்கு. இப்ப திருந்துவான் அப்புறம் திருந்துவான்னு பார்த்தா படமே முடிஞ்சிடுச்சு. இதுல என்னண்ணே காமெடி?

கன்னத்துல விடணும்னு தோணுச்சு பாருங்க, அதுக்குத்தான் தம்பி அந்த மனுஷன் அவ்ளோ பாடுபட்டு நடிச்சிருக்காரு. படம் பார்க்காதவங்களுக்காக கதைய ரெண்டு வரியில சொல்லிடுறேன். நத்தானியேல்னு ஒரு பணக்கார வீட்டுப் பையன், அப்பாவுக்கு ஹவாய்ல ஹோட்டல், அங்க போறதுக்கு சொகுசுக் கப்பல் ஏற வேண்டியவன் வழி தவறி ஒரு நாத்தம் புடிச்ச மீன்பிடி கப்பல்ல ஏறிடுறான். (அந்தக் கப்பலோட பேரை இந்தப் பத்திரிகையில அச்சடிக்க முடியாது, ஆசிரியர் என்னை வேலைய விட்டுத் தூக்கிடுவாரு.) இது புதுக் கதையே இல்ல. பணக்காரப் பையன் மீனவங்க கையில மாட்டி மனுஷனாகுறதை கிப்ளிங் 1897-லயே நாவலா எழுதிட்டாரு, 1937-ல அது படமாவும் வந்து ஸ்பென்சர் டிரேசிக்கு ஆஸ்கார் வாங்கிக் குடுத்துச்சு. அதுல வர்றவன் சின்னப் பையன், பார்க்கிறவங்களுக்குப் பாவமா இருக்கும். இதுல அதே பையன் வேஷத்தை முப்பது தாண்டி, முன்நெத்தி ஏறிப்போன கிறிஸ் எலியட் போட்டுக்கிட்டு, பையன் மாதிரியே சிணுங்கறாரு, ஒருத்தர் கூட 'உனக்கு என்னடா வயசு'ன்னு கேக்க மாட்டேங்கிறாங்க. ஜோக்கே அதுதான்.

நமக்கு ஏன் கோவம் வருதுன்னா நம்ம படத்துல திமிர் புடிச்ச பணக்காரன் இடைவேளைக்குள்ள அடி வாங்கி, ஒரு சோகப் பாட்டுல அழுது, கடைசியில அம்மா கால்ல விழணும், அப்படியே பார்த்துப் பழகிட்டோம். இவன் திருந்துற மாதிரி கடைசியில ஏதோ காட்டுறாங்கதான், ஆனா அதையும் நம்புற மாதிரி காட்டல, அது தெரிஞ்சேதான் செஞ்சிருக்காங்க. திருந்துவான்னு காத்திருந்தவங்களுக்கு எரிச்சல், இந்த ஜென்மம் திருந்தாதுன்னு முதல் பத்து நிமிஷத்துல முடிவு பண்ணிட்டவங்களுக்கு சிரிப்பு. எனக்கு வந்த கடுதாசிங்க எல்லாமே இந்த ஒரு கோட்டுலதான் ரெண்டா பிரியுது, வயசு, படிப்பு, இங்கிலீஷ் தெரியும் தெரியாது எதுவும் இதுல சம்பந்தமே இல்ல.

பிரிக்ஃபீல்ட்ஸ் வாசகர்: லாஜிக் கொஞ்சமாவது வேணாமா சார்?

நடுக்கடல்ல ஒரு கப்கேக் பறந்து வந்து பொயிலை எச்சிலைத் துப்பிட்டுப் போகுது. அதுக்கப்புறமும் லாஜிக் தேடினீங்கன்னா உங்க பொறுமைக்கு ஒரு மாலை.

ஜெலுத்தோங், பினாங்கு வாசகி: ஐயா, எங்க தாத்தா நாகப்பட்டணத்துல ரஜூலா கப்பல் ஏறி டெக்குல படுத்து வந்தவர். பொங்கின சோறு பூரா வாந்தியாப் போச்சு, பினாங்கு கரையப் பார்த்ததும் அழுதுட்டேன்னு சொல்வாரு. கடல் பயணம் உங்களுக்கு விளையாட்டா போச்சா? அந்தப் படத்தைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வரல, வேதனைதான் வந்துச்சு.

அம்மா, உங்க கடுதாசியத்தான் திரும்பத் திரும்பப் படிச்சேன். நம்ம வீடுகள்ல ரஜூலா பேரு வராத வீடு கம்மி. 1926-ல கட்டின கப்பல், மெட்ராஸ், நாகப்பட்டணம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம் (இப்ப போர்ட் கிள்ளான்), சிங்கப்பூர்னு எழுபதுகள் வரைக்கும் போய் வந்துக்கிட்டே இருந்து 1974-ல உடைக்கப் போயிடுச்சு, அதுக்குப் பின்னால வந்த சிதம்பரம் கப்பலும் 1985-ல தீப்புடிச்சதோட அந்தப் பயணமே நின்னு போச்சு. அந்த டெக்குல வந்தவங்களைக் கிண்டல் பண்ற படமா இருந்தா நானே முதல் ஆளா திட்டியிருப்பேன்.

ஆனா யாரைப் பார்த்துச் சிரிக்க வைக்கிறாங்கன்னு கொஞ்சம் கவனிங்க. மீனவங்க நாலு பேரும் அழுக்கா இருக்காங்க, வாய் சரியில்ல, எல்லாம் சரிதான், ஆனா கப்பல்ல வேலை தெரிஞ்சவங்க அவங்க மட்டும்தான். ஒரு பொண்ணு உலகத்தையே நீச்சலடிச்சு சுத்தி வர்றா, பாவம் இவங்க வலையில மாட்டிக்கிறா, அவளும் வேலை தெரிஞ்சவதான். ஒண்ணுமே தெரியாம எல்லாரையும் வேலைக்காரன் மாதிரி விரட்டுறது நத்தானியேல் ஒருத்தன். இவன் ரஜூலாவுல வந்திருந்தா மேல் தட்டுல முதல் வகுப்புல உக்காந்துக்கிட்டு, கீழ இருந்து உங்க தாத்தாவோட ஊறுகாய் வாசம் வருதுன்னு கப்பல்காரன்கிட்ட புகார் குடுத்திருப்பான். அந்த ஆளைத்தான் படம் முழுக்க வெயில்ல போட்டுக் காய வைக்கிறாங்க, ஒரு கட்டத்துல சின்னக் கட்டுமரத்துல தனியா உக்கார வச்சு இழுத்துக்கிட்டே போறாங்க, வெயிலுக்கு சமையல் எண்ணெயத் தடவிக்கிறான் அந்தப் புத்திசாலி. டெக்குல படுத்து வந்தவங்க பேரப்பிள்ளைங்களுக்கு இந்தக் காட்சி புடிக்காமப் போனா எப்படிம்மா? அதுக்கப்புறமும் சிரிப்பு வரலைன்னா விட்டுடுங்க, தாத்தா நெனப்பு பெருசு, படம் சின்னது.

பட்டர்வொர்த் பெரியவர்: தம்பி, கடல் படம்னா அது எம்.ஜி.ஆரோட 'ஆயிரத்தில் ஒருவன்'. நீங்க சொன்ன படத்துல கடலே பொய்யாத் தெரியுதே. அட்டையில வானத்தை வரைஞ்சு வச்சிருக்கான். காசு இல்லையா?

ஐயா கண்ணு கண்ணுதான். 1965-ல டைரக்டர் பந்துலு கர்நாடகாவுல கார்வார் பக்கம் போயி நிஜக் கடல்ல எடுத்தாரு, காத்து அடிக்கிறது நம்ம சீட்டு வரைக்கும் தெரியும். இவங்க ஸ்டூடியோவுல தண்ணியத் தேக்கி பின்னாடி வானத்தை வரைஞ்சுதான் எடுத்தாங்க. காசு இல்லாததால மட்டும் இல்ல, வேணும்னேதான். பழைய சிந்துபாத் படங்கள்ல ரே ஹாரிஹவுசன் பொம்மைய ஒவ்வொரு பிரேமா நகர்த்தி பூதம், ராட்சசன் எல்லாம் காட்டுவாரே, அந்த ருசியத் திரும்பக் கொண்டாந்திருக்காங்க. பாதி சுறா பாதி மனுஷன் வர்றாரு, ஆறு கை பொம்பளை வர்றா, பனிக்கட்டி பூதம் வருது, ஒரு ராட்சசன் சட்டை, பேன்ட், பெல்ட் எல்லாம் போட்டுக்கிட்டு ஆபீஸ் விட்டு வர்ற மாதிரி வீட்டுக்கு வர்றான். நிஜக் கடல்ல இவங்களை எல்லாம் வுட்டா எடுபடாதுங்கய்யா. ஆனா எம்.ஜி.ஆர் கத்திச் சண்டைய எதிர்பார்த்து உக்காந்தவருக்கு ஏமாத்தம்தான், அதை நான் மறுக்கல.

செராஸ் வாசகர்: அவ்ளோ நல்ல படம்னா ஏன் சார் ஊத்திக்கிச்சு?

நல்லா ஊத்திக்கிச்சு. ஒரு கோடி டாலர் போட்டு எடுத்து நாப்பது லட்சம் கூடத் திரும்பி வரல. டிம் பர்ட்டன் டைரக்ட் பண்ணுறதாத்தான் இருந்துச்சு, அவரு 'எட் வுட்' எடுக்கப் போயிட்டு இதுக்குத் தயாரிப்பாளரா மட்டும் நின்னுக்கிட்டாரு, எலியட்டோட கூட்டாளி ஆடம் ரெஸ்னிக்குக்கு முதல் பட வாய்ப்பு கிடைச்சிடுச்சு. ரெண்டு பேருமே டேவிட் லெட்டர்மேனோட ராத்திரி டிவி ஷோவுக்கு எழுதினவங்க. அஞ்சு நிமிஷம் வந்து எல்லாரையும் எரிச்சல் படுத்திட்டு ஓடிடுற வேஷம்தான் அங்க எலியட்டுக்கு. அஞ்சு நிமிஷத்துக்கு அது அமிர்தம், முழுப் படத்துக்கு எல்லாராலயும் தாங்க முடியாது. எனக்கே முதல் அரை மணி நேரம்தான் உயிரு, ராட்சசன் வீட்டுக்குப் போனதும் கொஞ்சம் கொட்டாவி வந்துச்சு.

இன்னொன்னும் சொல்லிடுறேன், இந்தப் படத்தைத் தூக்கி வச்சு ஆடுற கூட்டத்துல சிலருக்கு, 'உனக்குப் புரியல, அதான் புடிக்கல'ன்னு சொல்ற பழக்கம் இருக்கு. எனக்கு இதே தோரணையில ரெண்டு மூணு வாட்ஸ்அப் வந்துச்சு. தோத்த படத்தை ரசிக்கிறதுனால யாரும் அறிவாளி ஆயிட மாட்டாங்க. கப்கேக் துப்புறதுல புரியறதுக்கு என்ன இருக்கு? சிரிப்பு வந்தா வந்துச்சு, வரலைன்னா வரல.

ஆயர் ஈத்தாம் வாசகி: அண்ணே, எங்க வீட்டுக்காரரு இந்தப் படத்தைப் பார்த்ததுல இருந்து சும்மா சும்மா 'குரங்கு வாங்குறியா?'ன்னு கேட்டு உயிரை எடுக்கிறாரு. யாருண்ணே இதை ஆரம்பிச்சு வச்சது?

லெட்டர்மேன்தான்மா குத்தவாளி. ஒரே ஒரு சீன்ல துறைமுகத்து ஆளா வந்து பொம்மைக் குரங்கை விக்கப் பார்த்து நத்தானியேலை நாறடிச்சிட்டுப் போவாரு. டைட்டில்ல சொந்தப் பேரு கூடப் போடாம ஏர்ல் ஹோஃபர்ட்னு போட்டுக்கிட்டாரு. அடுத்த வருஷம், 1995-ல ஆஸ்கார் விழாவை அவரே தொகுத்து வழங்கினப்ப, பெரிய பெரிய நடிகருங்க எல்லாம் அந்தக் குரங்கு வசனத்துக்கு ஆடிஷன் குடுக்கிற மாதிரி ஒரு வீடியோ போட்டாரு, தோத்துப் போன படத்தோட வசனம் உலகம் பூரா போய்ச் சேந்துச்சு. உங்க வீட்டுக்காரரு அடுத்த தடவை கேக்கும்போது 'ஏற்கெனவே ஒண்ணு வீட்ல இருக்கு'ன்னு சொல்லிப் பாருங்க.

ரவாங் வாசகர்: எலியட்டோட அப்பாவும் நடிகரா?

ஆமா, பாப் எலியட். 'பாப் அண்ட் ரே'ங்கிற காமெடி ஜோடியில ஒருத்தரா அமெரிக்க ரேடியோவுல பல காலம் கொடிகட்டிப் பறந்தவரு. இந்தப் படத்துல நத்தானியேலோட அப்பாவாவே வர்றாரு. கிறிஸ்சுக்கு அந்த வருஷம் மோசமான புதுமுகம்னு ராஸி விருதுக்கு (மட்டமான படங்களுக்குக் கேலியா குடுக்கிறது) பரிந்துரை கிடைச்சுச்சு, விருது கூடக் கிடைக்கல.

கிள்ளான் வாசகி: பிள்ளைங்களோட உக்காந்து பார்க்கலாமா?

அமெரிக்காவுல பிஜி-13, அதாவது பதிமூணு வயசுக்குக் கீழ உள்ளவங்க விஷயத்துல பெத்தவங்க கவனமா இருக்கணும். வாய்ப்பேச்சு மோசம், ஆறு கை பொம்பளை வர்ற இடத்துல கொஞ்சம் விவகாரம் இருக்கு. பெரிய பசங்கன்னா சரி. சின்னதுங்கன்னா நீங்க முதல்ல தனியா பார்த்திடுங்க, அப்புறம் என்கிட்ட சண்டைக்கு வராதீங்க, அடுத்த இதழ்ல பக்கம் இல்ல.